மலையகத்துப் புதிய பக்தி இயக்கங்கள்: என்ன நம்புகிறார்கள், எங்கே இடிக்கிறது

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் சாமிக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மாரியம்மனையும் மாடசாமியையும் முனியாண்டியையும் மதுரை வீரனையும் கூடவே கொண்டுவந்தார்கள். வந்த இடத்திலும் சாமிகள் முளைத்தன. கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது) வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி, தொழிற்சாலை ரோதையில் (இயந்திரச் சக்கரத்தில்) கை அகப்படாமல் காக்க ரோதமுனி என்று, ஆபத்து இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு கல்லை நட்டுப் பொட்டு வைத்தார்கள். ஆகவே கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் மலையகத்துக்குள் வந்த சாயி பஜனையையும் மேல்மருவத்தூர்ச் செவ்வாடை மன்றத்தையும் பிரம்மா குமாரிகளின் ராஜயோக நிலையத்தையும் அல்லேலூயாக் கூட்டத்தையும் பார்த்து, ‘இதெல்லாம் நம்ம ஆட்களுக்கு எங்கிருந்து வந்தது’ என்று கேட்பதில் பெரிய பொருள் இல்லை. புதுச் சாமியை ஏற்றுக்கொள்வது இங்கே பழைய பழக்கம்.

ஆனால் பழைய சாமிக்கு ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. கோயிலுக்கு நிலம் வேண்டும்; தோட்டத்து நிலம் துரையின் கையில். திருவிழாவுக்குப் பணம் வேண்டும். வீட்டுக்கு வீடு சந்தா, பல தோட்டங்களில் அதைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுத்தார்கள். பூசாரி வேண்டும், கோயில் கமிட்டி வேண்டும், முதல் மரியாதை யாருக்கு என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் சாதியும் தொழிற்சங்கமும் தலைவர் பதவியும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். காப்புக் கட்டியபின் இராத்தங்க வெளியே போகக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் தோட்டம் முழுவதற்கும் பொது.

புதிய இயக்கங்களுக்கு இதில் எதுவும் தேவையில்லை. ஒரு படம், ஒரு புத்தகம், பாடத் தெரிந்த ஒருவர், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில்) பாய் விரிக்க இடம், அவ்வளவு போதும். அவை பரவியதற்கு அவற்றின் தத்துவத்தைவிட இந்தச் சிக்கனமே பெரிய காரணம். அவை குடும்பத்துக்குள் உரசுவதற்கும் இதுதான் காரணம். கோயில் மேட்டில் இருந்தது, பிடிக்காதவர் போகாமல் இருக்கலாம். காம்பராவுக்குள் வந்த சாமி அடுப்பிலும் படுக்கையிலும் மருந்துப் பெட்டியிலும் கை வைக்கும்.

சாயி: வியாழக்கிழமையும் வெற்று நாற்காலியும்

சத்ய சாயி பாபா 1926 நவம்பர் 23இல் ஆந்திரத்துப் புட்டபர்த்தியில் பிறந்தவர். 1918இல் மறைந்த சீரடி பாபாவே தான் என்று 1940இல் அறிவித்தார். 1963 குருபூர்ணிமையன்று அதை மூன்று பிறவிகளாக விரித்தார்: சிவன் மட்டும் சீரடியில், சிவனும் சக்தியும் சேர்ந்து புட்டபர்த்தியில், சக்தி மட்டும் இனி கர்நாடகத்தில் பிரேம சாயியாக. அடியார்களின் நம்பிக்கைக்கு முதுகெலும்பு இந்த மூன்றுதான். வெறுங்கையில் வரும் விபூதி அதற்குச் சான்று மட்டுமே.

வியாழக்கிழமைப் பஜனையின் ஒழுங்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றே. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். முன்னால் சுவாமிக்கென்று ஒரு நாற்காலி, அதில் யாரும் உட்கார மாட்டார்கள். மூன்று முறை ஓங்காரம், பிறகு பிள்ளையார் பாட்டு, குரு பாட்டு, அதன்பின் மற்றவை. ஒருவர் ஒரு வரியைப் பாட, கூட்டம் அதையே திருப்பிப் பாடும். முதலில் மெதுவாக, இரண்டாம் சுற்று வேகமாக. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் சேர்ந்து பாட முடிவது இந்த அமைப்பால்தான். ஒரு மணி நேரத்துக்குள் ஆரத்தி, விபூதி, கலைதல். பிள்ளைகளுக்கு பாலவிகாஸ் என்ற நல்லொழுக்க வகுப்பு. வந்தவர்களிடம் தட்டு ஏந்திப் பணம் சேர்ப்பது இயக்க விதிப்படி தடை. சந்தாவுக்குப் பழகிய தோட்டத்தில் இந்த ஒரு விதி சம்பாதித்துக் கொடுத்த நல்ல பெயர் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுப் படத்தில் விபூதி கொட்டுவதாக அவ்வப்போது செய்தி வரும், கூட்டம் கூடும். இதைப் பற்றி இலங்கையில் யாரும் கேள்வி கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கேரளத்தில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத நிபந்தனையில் அற்புதம் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்து, 1978இல் இறக்கும்வரை அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டிவராமலே இருந்தார். பகுத்தறிவாளர்கள் மேடையில் செய்துகாட்டும் வித்தைகள் இரண்டு. ஒன்று, கஞ்சியில் பிசைந்து காயவைத்த சாம்பல் உருண்டையைப் பெருவிரல் அடியில் ஒளித்து நசுக்குவது. மற்றது, பாதரச உப்பை அலுமினியத்தில் தேய்ப்பது: உலோகத்தின் மேலிருக்கும் காப்புப் படலம் கெட்டு, காற்றுப் பட்டதும் சாம்பல்போல வெள்ளைத் தூள் பொங்கும். அந்த உப்பு கொடிய நஞ்சு. ஆகவே அலுமினியச் சட்டத்தில் ‘விளைந்த’ தூளைப் பிள்ளைகளின் வாயில் போடுவது பக்தி சார்ந்த விடயம் மட்டுமல்ல.

பாபா 96 வயதுவரை இருப்பேன் என்று சொல்லியிருந்தார். 2011 ஏப்ரல் 24இல் 84 வயதில் காலமானார். இங்கேதான் இப்படிப்பட்ட இயக்கங்களின் உள்வேலை தெரியும். அடியார்கள் கணக்கை மாற்றினார்கள். பிறந்த நாளிலிருந்து மறைந்த நாள்வரை 30,833 நாட்கள். ஒரு நட்சத்திர மாதம் 27 நாள், அப்படி 12 மாதம் 324 நாள். 30,833ஐ 324ஆல் வகுத்தால் 95 வருடமும் 53 நாளும். அதாவது 96ஆவது வயது நடந்துகொண்டிருந்தது. கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது அவருடைய பிறந்தநாளை யாரும் 324 நாளுக்கு ஒருமுறை கொண்டாடவில்லை. இதற்குப்பின் ஒரு பிளவும் வந்தது: பாபா சூட்சும சரீரத்தில் ஒருவர் மூலம் பேசுகிறார் என்று கர்நாடகத்து முத்தேனஹள்ளியில் ஒரு கூட்டம் திரண்டது, புட்டபர்த்தித் தலைமை அதை ஏற்கவில்லை. தோட்டத்துச் சிறு பஜனைக் குழுவுக்குக்கூட, யார் அனுப்பும் புத்தகத்தை வாங்குவது என்ற கேள்வி வருவது இதனால்.

செவ்வாடை

மேல்மருவத்தூர் கதை ஒரு வேப்பமரத்தில் தொடங்குகிறது. பால் இனித்த அந்த மரம் 1966ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது, அடியில் சுயம்பு கிடைத்தது என்பது நம்பிக்கை. பள்ளி ஆசிரியராக இருந்த பங்காரு அடிகளார்மேல் ஆதிபராசக்தி இறங்கி அருள்வாக்குச் சொன்னாள். அதனால் மீசை வைத்த அந்த மனிதரை அடியார்கள் ‘அம்மா’ என்றே கூப்பிட்டார்கள். வெளியாருக்கு விசித்திரமாகத் தெரிவது இது. மலையகத்தில் இது விசித்திரமே இல்லை. பூசாரிமேல் மாரி இறங்கிவிட்டால், இறங்கியிருக்கும்வரை அவரை ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடுவோம். மேல்மருவத்தூர் செய்தது, இறங்கிய ஆத்தாவை மலையேறாமல் வைத்துக்கொண்டது.

இதன் உண்மையான புதுமை வேறு இடத்தில் இருக்கிறது. கருவறைக்குள் பெண் போகலாம், சுயம்புக்குத் தன் கையால் அபிஷேகம் செய்யலாம், மாதவிலக்கு நாளாக இருந்தாலும் தடையில்லை. மந்திரம் தமிழில். ‘ஓம் சக்தியே பராசக்தியே’ என்று தொடங்கும் மூலமந்திரத்தை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். கொழுந்து கிள்ளுவதில் பெரும்பங்கு பெண்களுடையது, கோயில் கமிட்டியோ ஆண்களுடையது. அந்த இடைவெளிக்குள் மன்றம் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. சிவப்பு உடைக்கு அடியார்கள் சொல்லும் விளக்கமும் சாதிக்கு எதிரானது: எல்லார் இரத்தமும் சிவப்பு.

வார வழிபாட்டு மன்றத்தில் நடப்பது எளிது. படம், விளக்கு, வேப்பிலை, எலுமிச்சை. மூலமந்திரம், 108 போற்றி, சிறப்பு நாளில் 1008. பௌர்ணமியில் வேள்வி: தரையில் முக்கோணமும் சதுரமுமாகச் சக்கரம் போட்டு, கலசம் வைத்து, குண்டத்தில் தீ மூட்டி, பெண்களே நடத்துவார்கள். இலங்கையில் பௌர்ணமி என்றால் போயா, பொது விடுமுறை. கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையும் அன்றைக்கு வீடு வந்திருக்கும். தமிழ்நாட்டு மன்றங்களுக்குக் கிடைக்காத வசதி இது. ஆடியில் கஞ்சிக் கலயம் எடுப்பார்கள். மழையும் காற்றுமாக இருக்கும் ஆடி மாதத்து மலையில் சூடான கஞ்சிக்கு யார்தான் வரமாட்டார்கள்.

காம்பராவில் வேள்வி நடத்துவதில் ஒரு நடைமுறை ஆபத்து உண்டு. பழைய லயத்தில் கூரை தகரம், உள்கூரை இருந்தால் பலகை அல்லது சாக்கு, காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையில் ஒற்றைச் சுவர், மேலே ஒரே கூரைவெளி. ஒரு காம்பராவில் பிடித்த தீ லயம் முழுக்க ஓட நேரம் எடுக்காது. விவரம் தெரிந்த மன்றத்தார் குண்டத்தை வாசலுக்கு வெளியே வைப்பார்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கும்.

மார்கழி முதல் தைப்பூசம்வரை சக்திமாலை போட்டு இருமுடி எடுப்பது பெரிய நோன்பு. ஐயப்பனுக்கு ஒரு மண்டலம், 41 நாள். இங்கே அதைவிடக் குறைந்த நாளே போதும். நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. செலவு பயணத்தில்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சென்னை, அங்கிருந்து விழுப்புரம் போகும் பாதையில் 90 கிலோமீற்றர் அளவு. பலருடைய பயணம் தடைப்படுவது பணத்தாலும் இல்லை, பெயரால். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, தகப்பன் பெயர் செக்ரோலில் (தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில்) இருந்தபடி. மலையகத்துக்கே உரிய இந்தக் கோளாறைத் திருத்தாமல் கடவுச்சீட்டுக்குப் போனால் மாலை போட்ட பிறகும் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். மாலை போடுவதற்கு ஆறு மாதம் முன்பே பிரதேச செயலகத்துக்குப் போவது நல்லது.

அடிகளார் 2023 அக்டோபர் 19இல் காலமானார். சாயி இயக்கத்தில் வந்த கணக்குச் சிக்கல் இங்கே வரவில்லை. வயது சொல்லி வைக்காதது ஒரு காரணம், சுயம்பு என்ற பொருள் கோயிலில் அப்படியே இருப்பது இன்னொரு காரணம். அருள்வாக்கு என்ற வாசல் எப்படி இருக்கப்போகிறது என்பதே இனிப் பார்க்க வேண்டியது.

ஐயாயிரம் வருடம், எண்பத்து நான்கு பிறவி

நம்பிக்கை என்ற அளவில் மலையகத்துக்கு வந்தவற்றிலேயே மிகத் துணிச்சலானது பிரம்மா குமாரிகளுடையது. வெள்ளைச் சேலையும் ‘ஓம் சாந்தி’யும் தியான வகுப்பும் பார்த்து இதை மனஅமைதிப் பயிற்சி என்று மட்டும் எண்ணிச் சேர்பவர்கள் பலர். ஏழு நாள் பாடத்தின் பாதியில்தான் உள்ளே இருக்கும் கணக்கு தெரியவரும்.

உலக நாடகம் மொத்தம் 5,000 வருடம். சத்திய, திரேதா, துவாபர, கலி ஒவ்வொன்றும் 1,250. புராணம் சொல்லும் இலட்சக்கணக்கான வருடம் இங்கே செல்லாது. 5,000 முடிந்ததும் அதே நாடகம் ஒரு நொடிகூடப் பிசகாமல் மறுபடி ஓடும். இந்தக் கட்டுரையை நீங்கள் வாசிப்பதும் 5,000 வருடத்துக்கு முன் நடந்தது, இனியும் நடக்கும். மனித ஆத்மா மனிதனாகவே பிறக்கும், மாடாகவோ நாயாகவோ பிறக்காது. முதலிலிருந்து வரும் ஆத்மாவுக்குப் பிறவிகள் 84: சத்திய யுகத்தில் 8, திரேதாவில் 12, துவாபரத்தில் 21, கலியில் 42, சங்கம யுகத்தில் 1. கூட்டிப் பார்த்தால் சரியாக வரும். சங்கம யுகம் என்பது கலியின் வாலும் சத்தியத்தின் தலையும் ஒட்டும் இடம், அதாவது இப்போது. கடவுள் எங்கும் நிறைந்தவர் அல்லர். நெற்றி நடுவில் இருக்கும் ஆத்மாவைப் போலவே ஒரு ஒளிப்புள்ளி, பெயர் சிவபாபா, இடம் பரந்தாமம்.

சிந்துவின் ஹைதராபாத்தில் வைர வியாபாரியாக இருந்த லேக்ராஜ் 1930களில் தொடங்கிய சபை இது. பிரிவினைக்குப்பின் 1950இல் ராஜஸ்தானத்து அபு மலைக்கு இடம்பெயர்ந்தது. அவர் 1969 ஜனவரி 18இல் மறைந்தார். அதன்பிறகு தாதி குல்சார் என்ற சகோதரியின் உடலில் இறங்கிப் பேசினார் என்பது நம்பிக்கை. அந்தச் சகோதரியும் 2021இல் மறைந்துவிட்டார். தொடக்கம் முதலே நிர்வாகம் பெண்கள் கையில். 1976ஐ ஒட்டி உலக அழிவு வரும் என்ற எதிர்பார்ப்பு இயக்கத்துக்குள் இருந்தது. வரவில்லை. அதற்குப்பின் திகதி சொல்வது குறைந்து, ‘அருகில்’ என்ற சொல் நின்றது.

அன்றாட ஒழுங்கைப் பார்ப்போம். விடியற்காலை 4 மணிக்கு அமிர்தவேளை, கண் திறந்தபடியே தியானம். காலையில் நிலையத்தில் முரளி வாசிப்பு. முரளி என்பது சிவபாபாவின் வாக்கு, ஒரே நாளில் எல்லா நிலையங்களிலும் ஒரே முரளி. முடிவில் ‘டோலி’ என்று ஒரு இனிப்புத் துண்டு. இறைச்சி, மீன், முட்டை, மது, புகை கூடாது. வெங்காயமும் பூண்டும் கூடாது. சமைப்பவரும் அதே ஒழுக்கத்தில் இருக்க வேண்டும், பாபாவுக்குப் படைத்த பிறகே உண்ண வேண்டும். கடைசியாக, மணமானவருக்கும் முழுப் பிரமச்சரியம்.

தோட்டத்தில் இது எங்கே இடிக்கும் என்று இந்தப் பட்டியலை வாசிக்கும்போதே தெரிந்திருக்கும். நாலு மணிக்கு எழும்புவது பிரச்சினையே இல்லை. பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைக் கூடலுக்கு) முன் தண்ணீர் எடுத்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு) ஆயத்தப்படுத்தும் பெண் எப்படியும் எழும்புவாள். பிரச்சினை, தியானத்துக்குப் போகும் முக்கால் மணி நேரம் அடுப்படியிலிருந்து குறைவது. நிலையம் டவுனில் இருக்கும். முரளி முடிந்து மலையேறினால் பெரட்டு பிந்தும், கொழுந்து நிறை குறையும், அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும். அதனால் தோட்டத்து மாணவிகள் பெரும்பாலும் முரளியை முதல்நாளே வாங்கியோ கைப்பேசியிலோ வாசிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிலையத்துக்குப் போவார்கள். டவுனில் இருக்கும் ஆசிரியைக்கும் கடைக்காரருக்கும் இந்தச் சிக்கல் இல்லை. இயக்கம் தோட்டத்தைவிட நகரத்தில் ஊன்றியதற்கு நேரக்கணக்கும் ஒரு காரணம்.

பூண்டு வெங்காயம் இல்லாமல் ஒரு சட்டி, மற்றவர்களுக்கு ஒரு சட்டி என்று சமைப்பது ஒரே அடுப்புள்ள வீட்டில் விறகுக் கணக்கையே மாற்றும். கல்யாண வீட்டிலும் கோயில் அன்னதானத்திலும் சாப்பிடாமல் இருப்பதை ‘நம்ம கையால் சாப்பிட மாட்டாளா’ என்று சாதிக் கண்ணோடு பார்ப்பவர்கள் உண்டு. இதற்குப் பழங்களை மட்டும் வாங்கிக்கொள்வது அடியார்கள் கண்டுபிடித்த வழி. பிரமச்சரியத்துக்கு அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த முடிவாக இருந்தால் வீடு அமைதியாகவே ஓடுகிறது. மனைவி மட்டும் எடுத்தால் அடி, சந்தேகம், தாய்வீடு என்று போகும். குடித்துவிட்டு வரும் கணவனிடமிருந்து ஒரு பெண்ணுக்கு மரியாதையான தூரத்தை இந்த விதி வாங்கிக் கொடுக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சில பெண்களுக்கு 5,000 வருடக் கணக்கைவிட அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

திகதி தவறிய இன்னொரு இயக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கல்கி பகவான், பிறகு அம்மா பகவான், பிறகு ‘ஒன்னஸ்’ என்று பெயர் மாறிய அமைப்பு 2012இல் பொற்காலம் பிறக்கும் என்றது. அதற்கு 64,000 பேர் ஞானமடைந்தால் போதும், மற்ற மனிதர்களுக்கு அது தானாய்ப் பரவும். தலையில் கை வைத்துத் தரும் தீட்சை அதற்கான வழி. 2012 வந்தது, போனது. 2019 அக்டோபரில் இந்திய வருமான வரித்துறை சோதனை நடத்தியது. நிறுவியவரின் மகன் தலைமையில் அமைப்பு இப்போது வேறு பெயரில் தியானப் பயிற்சி நடத்துகிறது. எண்ணிக்கை, ஆண்டு இரண்டையும் சேர்த்துச் சொல்லும் இயக்கம், தன் முடிவுக்குத் தானே நாள் குறித்துக்கொள்கிறது.

‘அல்லேலூயாக்காரர்’ எல்லாரும் ஒருவர் அல்லர்

தோட்டத்தில் வேதக்காரர் என்றால் கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்த் என்று பழைய சபைகள். அதற்கு வெளியே வந்த எல்லாரையும் ‘அல்லேலூயா’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது வழக்கம். இது தவறு, தவறால் வரும் கேடு ஆஸ்பத்திரியில் தெரியும்.

இலங்கையிலேயே பிறந்து உலகம் போன இயக்கம் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் இலங்கைக்கு வேலைக்கு வந்த ராமன்குட்டி, பாஸ்டர் பால் ஆனார்; 1920களின் நடுப்பகுதியில் கொழும்பில் சபை தொடங்கியது; அவர் 1945இல் இறந்தார். இந்தியாவில் பெயரிலிருந்து ‘சிலோன்’ போய்விட்டது, இங்கே இன்னும் இருக்கிறது. ஊழியர்கள் ஆணும் பெண்ணும் மணம் செய்யாமல், சொத்தை விட்டுவிட்டு, சம்பளம் இல்லாமல், வெள்ளை உடையில் ‘விசுவாச வீடு’களில் வாழ்வார்கள். அப்படி எல்லாவற்றையும் விட்டவர்களுக்குப் பரலோகத்தில் சீயோன் என்ற தனி உயர்நிலை உண்டு என்பது அவர்களுடைய சிறப்பு நம்பிக்கை. அந்நியபாஷை பேசுவது ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம். அதற்காகக் காத்திருப்புக் கூட்டம் நடத்துவார்கள். நோய்க்கு மருந்து எடுக்காமல் ஜெபத்தால் மட்டும் சுகம் தேடுவது ஊழியர்களுக்குக் கட்டாயம் போன்றது, விசுவாசிகளுக்கு இலட்சியம்.

மருந்து எடுத்த விசுவாசியைச் சபை துரத்திவிடுவதில்லை. துரத்தாவிட்டாலும், ஊழியரே குளிசை போடாதபோது தான் போடுவது விசுவாசக் குறைவு என்று மனம் சொல்லும். இதில் யாருக்கு என்ன ஆகும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல், தடிமன், முதுகுவலி தானாகவே போகும் என்பதால் ஜெபத்தில் போனதாகச் சாட்சி சொல்லலாம். சீனி வருத்தமும் பிரஷரும் வலிக்காது. குளிசையை விட்ட முதல் மாதம் உடம்பு நன்றாக இருப்பதுபோலவே தெரியும், பாதிப்பு சிறுநீரகத்திலும் கண்ணிலும் மெதுவாக நடக்கும். இன்சுலின் போடுகிறவர் நிறுத்தினால் நாட்கணக்கில் உயிருக்கு ஆபத்து. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் அப்படியே. குடும்பத்தார் வாதாட வேண்டியது இந்த வருத்தங்களுக்காக. தலைவலிக் குளிசைக்காகச் சண்டை போட்டு உறவை முறித்துக்கொண்டால் பெரிய விஷயம் வரும்போது பேச ஆளிருக்காது.

யெகோவாவின் சாட்சிகள் வேறு. அவர்கள் பெந்தெகொஸ்தேக்காரர் அல்லர், அந்நியபாஷை பேச மாட்டார்கள், திரித்துவத்தை ஏற்க மாட்டார்கள். 1914இல் கிறிஸ்து பரலோகத்தில் அரசாளத் தொடங்கினார் என்றும், பரலோகம் போகிறவர்கள் 1,44,000 பேர், மற்ற நல்லவர்கள் இந்தப் பூமியிலேயே வாழ்வார்கள் என்றும் நம்புகிறார்கள். வீடு வீடாகக் ‘காவற்கோபுரம்’ கொண்டுவருவது இவர்கள். மருந்து, ஊசி, சத்திரசிகிச்சை எல்லாம் இவர்களுக்குச் சரி. இரத்தம் ஏற்றுவது மட்டும் கூடாது. இரத்தச்சோகை பரவலாக இருக்கும் தோட்டப் பெண்களிடம் இது பிரசவ நேரத்தில்தான் வெடிக்கும். கர்ப்பிணிக் கிளினிக்கில் முதல் வருகையிலேயே மிட்வைஃபிடம் சொல்லிவிட்டால், இரும்புச் சத்தை முன்கூட்டியே ஏற்றவும், வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு அனுப்பவும் முடியும். வலி வந்தபின் லொறியில் இறங்கிச் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது வகை, எந்தத் தலைமைக்கும் கட்டுப்படாத சுயாதீன ஜெபக்கூடங்கள். ஒரு போதகர், ஒரு கீபோர்ட், ஒலிபெருக்கி. பெரும்பாலும் மருந்தைத் தடுப்பதில்லை, தசமபாகம் எதிர்பார்ப்பார்கள். கொள்கை போதகருக்குப் போதகர் மாறும். ஆகவே ‘அவர்கள் என்ன நம்புகிறார்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது, குறிப்பிட்ட போதகர் என்ன சொல்கிறார் என்றுதான் கேட்க வேண்டும்.

நிலமும் சுற்றுநிருபமும்

அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆவது விரும்பிய சமயத்தை நம்பவும் ஏற்கவும் சுதந்திரம் தருகிறது. 14(1)(உ) அதைத் தனியாகவோ கூட்டாகவோ கடைப்பிடிக்க உரிமை தருகிறது. 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று வந்தபோது, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அது சட்டமாகவில்லை. நடைமுறையில் ஜெபக்கூடங்களை மறிப்பது 2008 அக்டோபர் 16ஆம் திகதிச் சுற்றுநிருபம். புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற அந்தக் கடிதத்தைக் காட்டித்தான், வீட்டில் கூடும் கூட்டத்தையும் நிறுத்தச் சொல்வார்கள். கட்டடம் கட்டுவதும் வீட்டில் நாலு பேர் ஜெபம் செய்வதும் ஒன்றா என்பதே வழக்குகளில் வரும் வாதம்.

தோட்டத்தில் இதற்கு மேலே இன்னொரு பூட்டு. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசுக்குப் போன நிலத்தை 1992 முதல் பெருந்தோட்டக் கம்பெனிகள் நிர்வகிக்கின்றன. லயக் காம்பரா தொழிலாளியின் சொத்து அல்ல. காம்பராவுக்கு முன்னால் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கிக் கூட்டம் நடத்தினாலும் நிர்வாகம் கழற்றச் சொல்லலாம். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்த குடும்பங்களுக்கு முதல்தடவையாகச் சொந்த முற்றம் வந்திருக்கிறது. பஜனையும் மன்றமும் ஜெபமும் இந்த வீட்டுத் திட்டங்களுக்கு நகர்வதற்குக் காரணம் இதுதான். லயத்தில் சத்தம் பத்துக் காம்பராவுக்கும் பொது என்பதால் எல்லாரும் ஓரளவு அடக்கியே பாடினார்கள். தனிவீட்டில் அந்த அடக்கம் குறைந்து ஒலிபெருக்கிச் சண்டை கூடியிருக்கிறது.

திருவிழா, தாலி, சாவு

பக்கத்துக் காம்பராவில் என்ன நம்புகிறார்கள் என்பதற்காகத் தோட்டத்தில் யாரும் சண்டை பிடிப்பதில்லை. ஒலிபெருக்கிச் சத்தத்தை விட்டால், மூன்று இடங்களில்தான் பிடிக்கிறார்கள்.

முதலாவது திருவிழாச் சந்தா. விக்கிரகத்துக்குப் பணம் தரமாட்டேன் என்பவரை, தோட்டத்துக் காப்பையே அறுத்தவராகப் பார்ப்பார்கள். அந்தத் தொகையை ரோட்டுக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ பாடசாலைக்கோ கொடுப்பது பல இடங்களில் எடுபட்டிருக்கிறது. சாயிக்காரருக்கும் செவ்வாடைக்காரருக்கும் இந்தச் சிக்கலே கிடையாது, அவர்கள் தேரையும் இழுப்பார்கள்.

இரண்டாவது தாலி. சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் சபையில் பொன் நகை கிடையாது, தாலியும் அதில் அடக்கம். கணவன் உயிரோடு இருக்கும்போதே தாலியும் பொட்டும் இல்லாமல் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணைப் பற்றி நிரை முழுக்கப் பேச்சு ஓடும். மாமியாருக்கு அது மகனுடைய ஆயுளைத் தொட்ட விஷயம். தாலியைக் கழற்றி மாமியார் கையிலேயே பத்திரமாகக் கொடுத்துவைத்து ஊர்வாயை அடைத்த குடும்பங்கள் உண்டு. அடகுக் கடைக்குப் போகவில்லை என்பது நிரூபணமாகிவிட்டால் பாதிக் கோபம் தணியும்.

மூன்றாவதும் மிகக் கடினமானதும் சாவு. தப்பு அடிக்க வேண்டுமா, நீர்மாலை உண்டா, கொள்ளி யார் வைப்பது, பதினாறாம் நாள் காரியம் நடக்குமா, மரண உதவிச் சங்கத்துப் பணம் யார் கையில் போகும் என்று ஐந்து கேள்விகள் ஒரே இரவில் வரும். பெட்டி வந்தபிறகு போதகரையும் தலைவரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசினால் தீராது. சாகும் முன்னே, நல்ல சுகத்தோடு இருக்கும்போதே, தன் அடக்கம் எந்த முறையில் என்று ஒரு கடுதாசியில் எழுதி, கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை மரண உதவிச் சங்கத்துச் செயலாளரிடம் கொடுப்பதுதான் வேலைக்கு ஆகும் வழி. அதில் குழியின் இடத்தையும் எழுத வேண்டும். மயானமும் கம்பெனி நிலம்தான், பெரும்பாலும் ஒரே மயானம். எந்த ஓரம் யாருக்கு என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. சிலுவை நடுவதா, கல் வைப்பதா என்பதையும் அதே கடுதாசியில் சேர்த்துக்கொண்டால் முப்பதாம் நாள் வரக்கூடிய சண்டையும் வராது.